செந்தேரியில் இறங்கிய ஆறு பேர்

சிவப்பு மணலும் முருங்கைத் தோப்பும் ஓயாத காற்றும் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத செந்தேரி என்ற கடலோர ஊருக்கு, ஒரு திங்கட்கிழமை ஒன்பது நாற்பது பேருந்தில் ஒரு பல் மருத்துவர் வந்து இறங்கினார். அவர் இறங்கியதை லீதியாள் மெஸ்ஸில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த அறவாழி பார்த்தார், பார்த்ததும் பிட்ட தோசையை இலையில் திரும்ப வைத்தார், ஏனென்றால் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மஸ்கட்டில் பதினான்கு மாதம் அந்தப் பல் மருத்துவராக இருந்தவர் அவரேதான்.

அதே வெள்ளைக் கோட்டு, அதே தங்க விளிம்புக் கண்ணாடி, அறவாழி வேலை பார்த்த துறையின் தையல்காரர் அளவு தவறிக் கணுக்காலுக்கு மேலே நிறுத்திவிட்ட அதே கால்சட்டை. மூக்கும் காதும் வலது புருவத்து வெட்டுத் தழும்பும் அறவாழியுடையவை. வந்தவர் மெஸ்ஸுக்குள் நுழைந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் நவ்ரோஜி," என்றார் அறவாழி.

"நல்லவேளை, பெயராவது ஞாபகம் இருக்கிறது," என்றார் மருத்துவர். "நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போனபோது நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்."

"அன்றைக்கு உத்தரவு வந்துவிட்டது. உடனே கிளம்பச் சொன்னார்கள்."

"தெரியும். மூடிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்."

மெஸ்காரி லீதியாள் கல்லில் மாவு ஊற்றியபடியே திரும்பிப் பார்த்தாள், ஒரு முகத்தைப் பார்த்து மறு முகத்தைப் பார்த்து, "சாருக்குத் தம்பியா? சொல்லவே இல்லியே. ரெண்டு போடவா, மூணு போடவா?" என்று கேட்டாள். மருத்துவர் மூன்று என்றார். அத்தோடு அந்த விஷயம் ஊருக்குள் முடிந்துபோனது.

அறவாழிக்குத்தான் முடியவில்லை. அவர் இருபத்தெட்டு வருடமாக ஒற்றர். பெயர் சொல்லக் கூடாத ஒரு துறைக்காக, காஸ்பர் லிண்ட் என்ற ஒரே ஒரு மனிதனைப் பின்தொடர்ந்து ஆறு நாடுகளில் ஆறு பெயர்களில் ஆறு விதமாக நடந்து ஆறு விதமாகத் தும்மி வாழ்ந்தவர். லிண்ட் சாதாரண ஆள் இல்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே சண்டை மூட்டி இரண்டு பக்கமும் துப்பாக்கி விற்பான், துறைமுகங்களை இருட்டாக்குவான், ஒரு தடவை ஒரு முழு நாட்டின் விமானங்களை மூன்று நாள் தரையிலேயே நிற்க வைத்தான். ஒவ்வொரு முறையும் அறவாழி வேறொரு பெயரோடு அவன் பக்கத்தில் போய், நண்பனாவார், பிடிக்கப்போகும் நேரத்தில் லிண்ட் நழுவிவிடுவான், துறை அந்தப் பெயரை மூடிவிட்டு அடுத்த பெயரைத் திறக்கும். கடைசியில் வியன்னாவில் நடந்த ஒரு கூட்டத்தில் யாரோ "அறவாழி" என்று கூப்பிட்டபோது, அவர் மற்றவர்களோடு சேர்ந்து யார் அந்த அறவாழி என்று திரும்பிப் பார்த்தார். துறையின் வைத்தியர் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். செந்தேரியில் துறைக்கு ஒரு வீடு சும்மா கிடந்தது. கடலுக்கடியில் பல நாடுகளிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பிகள் கரையேறி மணலுக்குள் நுழைகிற இடம் அந்த ஊர்தான் என்பதால், எப்போதோ யாரோ காவலுக்கு வாங்கிப்போட்டு மறந்த வீடு அது.

ஊருக்கு வந்த முதல் நாள் லீதியாள் பெயர் கேட்டபோது அவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வாசித்துவிட்டுத்தான் சொன்னார். இரண்டே தெருக்கள் உள்ள ஊரில் தினமும் வேறு வேறு வழியாக நடந்தார். சாம்பாரைப் பூனைக்கு வைத்துவிட்டுப் பிறகு சாப்பிட்டார். இரண்டாம் நாளே ஊருக்கெல்லாம் அவர் ஒற்றர் என்று தெரிந்துவிட்டது, தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் பாவம் மனசு நோகும் என்று ஒருத்தரும் காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே பேருந்தில் கப்பல் சமையல்காரர் சிவகுருநாதன் வந்து இறங்கினார், யாழ்ப்பாணத்துக்காரராக லிண்டின் சரக்குக் கப்பலில் இரண்டு வருடம் மீன்குழம்பு வைத்தவர். புதன்கிழமை, ஜெனிவாவில் தூதர்களுடைய மனைவிமாருக்கும் லிண்டின் முதுகுவலிக்கும் யோகம் சொல்லிக் கொடுத்த நிரஞ்சன சுவாமி காவி வேட்டியோடும் கம்பளிக் காலுறையோடும் இறங்கினார். வியாழக்கிழமை காபூலில் பாதாம் விற்ற குல்தாஜ், வெள்ளிக்கிழமை கென்யாவின் ஏரிக்கரையில் லிண்டோடு பறவை பார்த்த ஆராய்ச்சியாளர் பரூவா. நடத்துநர் மட்டும் கொஞ்சம் சலித்துக்கொண்டார், ஒருத்தர் ஜெனிவா டிராம் வண்டிச் சீட்டைக் காட்டினாராம், இன்னொருத்தர் எங்கே ஏறினீர்கள் என்று கேட்டதற்கு "ஏறியதாக ஞாபகம் இல்லை" என்றாராம்.

ஊராட்சித் தலைவர் தவசிமுத்து சனிக்கிழமை காலையில் மெஸ்ஸிலேயே ஊர்க்கூட்டம் போட்டார். அறவாழி எழுந்து நின்று, இனி மறைப்பதில் பயனில்லை என்று, இருபத்தெட்டு வருடம் காத்த அரசாங்க ரகசியத்தை ஒன்று விடாமல் ஒப்பித்தார். சொல்லி முடித்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார் தவசிமுத்து. "நாங்க என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டோம். பம்பாய்ல எங்க சித்தப்பாவும் ரெண்டு பேர்ல இருந்தாவ. ஆனா அவிய ரெண்டும் ஒரே நேரத்துல சாப்பிட வந்ததில்ல, அதான் வித்தியாசம். இப்ப எனக்கு ஒண்ணுதான் தெரியணும், ஓட்டர் லிஸ்ட்ல இவியள ஒரு ஆளாச் சேக்கணுமா, ஆறு ஆளாவா?"

"முகம் ஒண்ணுதான," என்றது ஒரு குரல்.

"முகத்துக்கா சோறு போடுதேன்? வாய்க்குப் போடுதேன்," என்றாள் லீதியாள். "தனித்தனியாச் சேருங்க."

அப்படியே தீர்மானம் ஆயிற்று. டாக்டர் நவ்ரோஜி நூலகத்தின் பின்னறையில் நாற்காலி போட்டு, "எனக்குப் பதினோரு நாள்தான் பயிற்சி, பிடுங்க மட்டுமே தெரியும்" என்று வாசலில் நேர்மையாக எழுதி வைத்தார். டவுன் டாக்டர்கள் ஆறு தடவை அலையவிட்டுப் பிறகு பிடுங்குவதைப் பார்த்து நொந்திருந்த ஊர் அந்த நேர்மைக்கு மயங்கி வரிசையில் நின்றது. மீன் கூடை சுமந்து முதுகு போன பெண்களெல்லாம் மாதா கோயில் கூடத்தில் நிரஞ்சன சுவாமி முன்னால் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர் மூச்சை உள்ளே இழுங்கள் என்றார், அவர்கள், அதெல்லாம் அது பாட்டுக்கு நடக்கும் சாமி, ஒரு மணி நேரம் யாரும் எங்களை எழுப்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பரூவாவுக்கு உண்மையில் பறவை எதுவும் தெரியாது, எதைக் கேட்டாலும் "அரிய வகை" என்பார், அதனால் அந்த வாரத்திலிருந்து செந்தேரிக் காக்கைகளை யாரும் சூ என்று விரட்டுவதில்லை. குல்தாஜும் தவசிமுத்துவும் சீட்டாட உட்கார்ந்தால் ஊராட்சிக் கையெழுத்துகள் மறுநாளைக்குப் போயின. சிவகுருநாதன் நேரே மெஸ் அடுப்படிக்குள் போய், குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "அக்கா, புளி கூடிப்போச்சு" என்றார். லீதியாள் கரண்டியை ஓங்கினாள். இரண்டு நாள் அடுப்படியில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சமாதானமாகி, செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு, மற்ற நாள் இவளுக்கு என்று அடுப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆறாவது ஆள் அந்தச் சனிக்கிழமையே, கூட்டம் கலைகிற நேரத்துக்கு வந்து இறங்கினார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் எதுவும் இல்லை. மற்றவர்களைப்போல அவர் யாரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை. அவரைப் பார்த்ததும் அறவாழி எழுந்து மெஸ்ஸின் பின்பக்கமாக வெளியேறப் பார்த்தார், பின்பக்கம் கதவு இல்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டிதான் இருந்தது.

"மல்ஹோத்ரா," என்றார் தொட்டியைப் பிடித்துக்கொண்டு.

"நினோ ரயிலடியில் நின்றாள்," என்றார் வந்தவர்.

மல்ஹோத்ரா திபிலீசி நகரத்தில் கப்பல்களுக்குக் காப்பீடு எழுதியவர். லிண்டின் கப்பல்களுக்கு எழுதத்தான் துறை அவரை உண்டாக்கியது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு எதிரில் நினோ என்று ஒருத்தி இசைக்கருவிகள் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாள், மழைக்கு ஒதுங்கியவரிடம் உள்ளே வந்து ஒதுங்கினால் என்ன என்று அதட்டினாள், எட்டு மாதத்தில் கல்யாணம் என்று ஆனது. அவளுடைய ஊரில் கல்யாணம், பத்து மணி ரயில், நடைமேடையில் சந்திப்பதாகப் பேச்சு. ஒன்பது மணிக்கு உத்தரவு வந்தது, மல்ஹோத்ராவை மூடு என்று. அறவாழி மூடிவிட்டார். விமானத்தில் உட்கார்ந்து கொடுத்த சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார், அதைத்தான் பிறகு பத்தொன்பது வருடமாக அவரால் மன்னிக்க முடியவில்லை.

லீதியாள் இருவரையும் பார்த்தாள். "இந்தத் தம்பிக்கு வயிறு சரியில்ல போல. கஞ்சி வைக்கேன்," என்றாள்.

திங்கட்கிழமை ஏழாவதாக ஒருவன் வந்து இறங்கினான். அவனுக்கு அறவாழியின் முகம் இல்லை. வெளுத்த தலை, சிவந்த கழுத்து, தோளில் ஒரு பை, ஒரு பக்கத்து முதுகைப் பிடித்துக்கொண்டு நடை. கடல் ஆமைகளைப் பற்றி ஆராய வந்ததாக டீக்கடையில் சொல்லி, கடற்கரை எந்தப் பக்கம் என்று கேட்டான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த அறவாழி திரையை இழுத்து மூடினார். காஸ்பர் லிண்ட்.

அவர் துறைக்குத் தொலைபேசினார். எடுத்தவள் சுகிர்தா, அவரைவிடப் பதினைந்து வயது இளைய மேலதிகாரி.

"லிண்ட் இங்கே வந்திருக்கிறான். கடலில் ஒரு வெள்ளைப் படகு நேற்றிலிருந்து நிற்கிறது. கம்பிகளை அறுக்கப்போகிறான். அறுத்தால் பாதி ஆசியாவுக்குப் பேச்சும் கிடையாது, விமானமும் கிடையாது."

"சார், போன மாசம் பால்காரரை லிண்ட்னு சொன்னீங்க."

"அது சந்தேகம். இது அவனேதான். அவனுக்கு என்னுடைய ஆறு பேரையும் தெரியும், ஆறு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள்."

"எந்த ஆறு பேர் சார்?"

அறவாழி சொன்னார். "சார், மாத்திரை போடுறீங்கதானே? நான் வியாழக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன்," என்று அவள் மிகுந்த மரியாதையோடு வைத்துவிட்டாள்.

ஆகவே உலகத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு செந்தேரியின் தலையில் விழுந்தது. அறவாழி ஆறு பேரையும் கூப்பிட்டு, லிண்ட் கண்ணில் யாரும் படக் கூடாது, வீட்டைவிட்டு வரக் கூடாது, உடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிட்டார். ஆறு பேரும் சரி என்றார்கள். அவர்கள் அவர் பேச்சைக் கேட்டு நடந்த காலம் முடிந்துபோயிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் லிண்ட் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தான். அறவாழி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி, இருபத்தெட்டு வருடப் பயிற்சியெல்லாம் கூடி வர மூச்சுக்கூட விடாமல் கவனித்தார். லிண்ட் பையிலிருந்து கம்பியில்லாத ஒரு சின்னக் கறுப்புப் பேசியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். மணி ஒன்று நாற்பது. அன்றைக்கு அடுப்பு சிவகுருநாதனுடையது. குழம்பை ஊற்றியதும் லிண்ட் ஒரு வாய் வைத்தான், கை அப்படியே நின்றது, இன்னொரு வாய் வைத்தான்.

"இந்தக் குழம்பை எனக்குத் தெரியும்," என்றான் ஆங்கிலத்தில்.

"தெரியாமல் என்ன," என்று கரண்டியோடு வெளியே வந்தார் சிவகுருநாதன். "ரெண்டு வருஷம் கப்பலில வச்சுத் தந்தனான். காஸ்பர், எப்பிடி இருக்கிறியள்? மெலிஞ்சு போனியள்."

அறவாழி மூட்டைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய நேரத்தில் டாக்டர் நவ்ரோஜி கைகழுவ உள்ளே வந்து, "காஸ்பர்! அந்தக் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது?" என்றார். பின்னாலேயே சுவாமி வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரும் விதத்தைப் பார்த்ததும் கோபமாகி, "சொல்லிக் கொடுத்ததைச் செய்யவே இல்லை நீங்கள்" என்று கண்டித்தார். குல்தாஜ் வாசலிலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார். பரூவா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏரிக்கரையில் பார்த்த அந்தப் பறவை என்னவென்று இப்போதும் தனக்குத் தெரியாது என்று பதினாறு வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். அவர்கள் முகத்தில் நடிப்பு இல்லை. அறவாழி எழுந்து நின்றுவிட்டார். நடித்தது முழுவதும் தானே என்றும் நண்பர்களாக இருந்தது முழுவதும் அவர்களே என்றும் அவருக்கு அப்போதுதான் பட்டது.

லிண்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஐந்து முகமும் ஒரே முகம். கடைசியில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த ஆறாவது அதே முகத்தைப் பார்த்தான்.

"நீ யார்?"

"இவர்கள் எல்லோரும் நான்தான்," என்றார் அறவாழி. "மன்னிக்கவும்."

லிண்ட் கத்தவில்லை, துப்பாக்கி எடுக்கவில்லை. அந்த மனிதன், ஐந்து கண்டங்களும் தேடுகிற அந்த மனிதன், இலையின் முன்னால் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள்.

"என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் தவசிமுத்து.

சிவகுருநாதன் மொழிபெயர்த்தார். "பெண்சாதி விட்டிட்டுப் போயிட்டாவாம். பெடியங்கள் ரெண்டு பேரும் கோர்ட்டில இவருக்கு எதிராய்ச் சாட்சி சொன்னவங்களாம். உலகத்தில தனக்கு ஆறே ஆறு சிநேகிதர்தானாம். வருஷப் பிறப்புக்கு ஆறு வாழ்த்து அட்டை அனுப்புவாராம், ஒவ்வொரு வருஷமும் ஆறும் திரும்பி வருமாம். உடுப்பையும் நடையையும் பார்த்து ஏமாந்து போனாராம், ஆறும் ஒரே ஆள் எண்டு இண்டைக்குத்தான் தெரியுதாம்."

"அட பாவமே," என்றது மெஸ்.

"அழுதது போதும், மோர் ஊத்தட்டுமான்னு கேளுங்க," என்றாள் லீதியாள்.

ஆனால் அழுகை நின்றதும் லிண்டின் கை கறுப்புப் பேசிக்குப் போனது. இரண்டு மணிக்குத் தன் ஆட்கள் கடலுக்குள் இறங்கிவிடுவார்கள் என்றான். ஏமாற்றப்பட்ட ஒருவனுக்கு உலகம் பேசிக்கொண்டால் என்ன, பேசாவிட்டால் என்ன என்றான். கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அறவாழிக்கு அவனைப் பிடித்து அமுக்க ஏழு வழி தெரியும், ஏழும் முப்பது வயதுக்காரனுக்கு உரியவை.

அப்போதுதான் அதுவரை கஞ்சிக் கிண்ணத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த மல்ஹோத்ரா எழுந்து வந்தார். மற்ற ஐந்து பேரும் வழிவிட்டார்கள்.

"காஸ்பர், உனக்காகத்தான் என்னை உண்டாக்கினார்கள், உனக்காகத்தான் மூடினார்கள். நடுவில் ஒருத்தி நடைமேடையில் நின்றாள். என்னால் போக முடியவில்லை."

லிண்ட் அவரை வெறித்துப் பார்த்தான். "நான் போனேன்," என்றான்.

"எங்கே?"

"ரயிலடிக்கு. நீதானே என்னைச் சாட்சிக்கு வரச் சொன்னாய்? அன்றைக்கு என் கப்பல் பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டும், ஐந்து நாட்டுப் போலீஸ் என் பின்னால் இருந்தது. நான் பூங்கொத்து வாங்கிக்கொண்டு நடைமேடையில் அவள் பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டு மணி வரை நின்றோம். பிறகு ஒரு வாடகைக் கார் பிடித்து அவளை வீட்டில் விட்டேன். வழியெல்லாம் மழை. அவள் பூங்கொத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்."

சிவகுருநாதன் மொழிபெயர்க்க மறந்து நின்றார். லீதியாள் தோளில் இடித்ததும்தான் சொன்னார்.

அறவாழி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருடமாக உலகத்தின் எதிரி என்று அவர் துரத்திய மனிதன், அவர் போகாத இடத்துக்குப் பூவோடு போயிருக்கிறான்.

"அவள் இப்போது..." என்று ஆரம்பித்தார் மல்ஹோத்ரா.

"அதே கடை. அதே மாடி. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. எண் மட்டும் மாறிவிட்டது, என்னிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை என்னிடம் கேட்பாள், அந்த நாயைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று."

"நான் அவளைக் கூப்பிட வேண்டும்."

"கூப்பிடு."

"நீ கம்பியை அறுத்தால் எப்படிக் கூப்பிடுவது?"

லிண்ட் யோசித்தான். அவன் நெற்றியில் கோடு விழுந்தது. உலகத்தைச் செவிடாக்குவதைப் பற்றி எவ்வளவோ கணக்குப் போட்டவன், அதில் நினோவின் தொலைபேசியும் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

"போய் நேரில் பார்த்தால்?" என்றான்.

"விமானமும் போகாதே."

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. லிண்ட் பேசியை எடுத்து வாயருகே வைத்து அவன் பாஷையில் மூன்றே வார்த்தை சொன்னான். கடலில் வெள்ளைப் படகு கொஞ்ச நேரம் புரியாததுபோல அசையாமல் நின்று, பிறகு மூக்கைத் திருப்பித் தெற்கே போகப் பார்த்தது. அதற்குள் செந்தேரிக் கட்டுமரக்காரர்கள் பதினெட்டுப் பேர் அதைச் சுற்றிப் போய், உள்ளே இருந்தவர்களிடம் மீன் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் ஐயப்பட்டு, கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

மல்ஹோத்ரா அங்கேயே மெஸ் தொலைபேசியில் லிண்ட் சொன்ன எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெண்குரல் யாரென்று கேட்டது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், தொலைபேசியை வைத்துவிட்டார். "நேரில்தான் போக வேண்டும்," என்றார்.

அவருடைய கடவுச்சீட்டு துறை கிழித்துப்போட்ட போலிச் சீட்டு. செல்லுபடியாகிற சீட்டு அந்த ஏழு பேரில் ஒருவரிடம்தான் இருந்தது. அறவாழி மாடிக்குப் போய் அதை எடுத்து வந்தார். கொடுக்கிற கை பாதியில் நின்றது.

"நானே போனால் என்ன?" என்றார் மெல்ல. "அவள் முகத்தை நானும்தான் மறக்கவில்லை."

"நீங்கள் அவளுக்கு எதுவும் சொல்லவில்லையே," என்றார் மல்ஹோத்ரா. அதில் கோபம் இல்லை. "வருகிறேன் என்று சொன்னது நான்."

அறவாழி அதற்கு மறுப்புச் சொல்லத் தேடினார். இருபத்தெட்டு வருடத்தில் பொய்க்கு அவருக்குப் பஞ்சம் வந்ததில்லை, அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. புகைப்படம் ஒன்றுதான், முகம் ஒன்றுதான், பெயர் மட்டும் போகிறது. போகட்டும் என்று கொடுத்தார். மறுநாள் காலைப் பேருந்தில் ஊரே ஏற்றிவிட்டது. லீதியாள் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். சுவாமி தன் கம்பளிக் காலுறையைக் கழற்றிக் கொடுத்தார், அந்த ஊரில் குளிர் கடுமை என்று அவருக்குத் தெரியும்.

படகு பிடிபட்ட செய்தி கேட்டு வியாழக்கிழமை சுகிர்தா இரண்டு ஜீப்போடு வந்தபோது, லிண்ட் பஞ்சைக் கடித்துக்கொண்டு நூலக வாசலில், ஓட மனமில்லாமல், சரணடையத் தயாராக உட்கார்ந்திருந்தான். போகும் சிறையில் நல்ல பல் மருத்துவர் இருக்க மாட்டார் என்று அந்தக் கடைவாய்ப் பல்லை நவ்ரோஜியிடம் கொடுத்துவிட்டுப் போக முடிவு செய்திருந்தான். ஐந்து பேரும் மாறி மாறி அவனைத் தட்டிக் கொடுத்தார்கள். கடிதம் போடுகிறோம் என்றார்கள். இந்தத் தடவை விலாசம் உண்மையானது என்று பரூவா திரும்பத் திரும்பச் சொன்னார்.

உலகமே தேடியவனை ஏற்றியாகிவிட்டது. சுகிர்தா மெஸ்ஸுக்குள் வந்து, ஒரே முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறு பேரையும் பார்த்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இதில் அறவாழி சார் யாரு?"

"அவிய வெளிநாடு போயிட்டாவளே," என்றார் தவசிமுத்து.

அவள் யாருக்கோ தொலைபேசி விசாரித்தாள். விமான நிலையப் பதிவில் அறவாழி நேற்று மாலை புறப்பட்டிருந்தார். எதுவும் செய்வதற்கில்லை. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினாள். நவ்ரோஜி. சிவகுருநாதன். நிரஞ்சன சுவாமி. குல்தாஜ். பரூவா. கடைசியில் சுவரை விட்டு நகர்ந்து, முதல் தடவையாக மெஸ்ஸின் நடுவில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரிடம் வந்தாள்.

"உங்க பேரு?"

அவர் ரசத்தைக் குடித்து முடித்து, கொஞ்சம் யோசித்து, "இன்னும் வைக்கல," என்றார்.

சுகிர்தா பேனாவை மூடினாள். அவள் கெட்டிக்காரி. எழுத முடியாததை எழுதாமல் விடத் தெரிந்ததால்தான் அந்த வயதில் அந்தப் பதவிக்கு வந்திருந்தாள். "வைச்சதும் சொல்லுங்க சார்," என்று மட்டும் சொல்லி, ஒரு கணம் நின்று, கையைக் குவித்துவிட்டுப் போனாள்.

பெயர் வைப்பதற்காக அடுத்த நான்கு நாள் ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டது. மாதா கோயில் தெரு ஒரு பெயர் சொன்னது, மற்றத் தெரு இன்னொன்று, குல்தாஜ் தன் தாத்தாவின் பெயரை வைத்தே ஆக வேண்டும் என்று சீட்டாட்டத்தைப் புறக்கணித்தார். திங்கட்கிழமை காலை அது முற்றிக்கொண்டிருந்தபோதுதான் மெஸ் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் சிவகுருநாதன்.

"மல்ஹோத்ரா! ஓம், ஓம், எல்லாரும் இஞ்சதான் நிக்கிறம். சொல்லுங்கோ."

ஊர் சண்டையை விட்டுவிட்டு நெருங்கியது. சிவகுருநாதன் கேட்டுக் கேட்டுச் சொன்னார். கதவைத் தட்டினாராம். நினோ திறந்தாளாம். முழுசாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சாயங்காலம் அவள் திறந்து, படியை மறித்துக்கொண்டு உட்கார்ந்தால் வாடிக்கைக்காரர் எப்படி வருவார்கள், உள்ளே வந்து உட்காரக் கூடாதா என்று அதட்டினாளாம். மூன்று நாளாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தாராம், மிச்ச ஆறு பேரைப் பற்றியும் சொன்னாராம்.

"நம்பினாவளா?" என்றாள் லீதியாள்.

"நம்பாமல் என்ன, தன்ர சித்தப்பாவும் அப்பிடித்தான் எண்டாவாம்," என்றார் சிவகுருநாதன். பிறகு காதில் எதையோ கேட்டு முகம் மாறி, தொலைபேசியை நீட்டினார். "நினோ கதைக்கிறா. உங்களோடதான் கதைக்க வேணுமாம்."

பெயர் இல்லாதவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மறுமுனையில் அந்தக் குரல், மழைக்கு உள்ளே வந்து ஒதுங்கச் சொன்ன அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது, யார் பேசுவது என்று கேட்டது.

பின்னால் மூன்று கட்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நான்தான்," என்றார் அவர்.

அவ்வளவுதான், தொலைபேசியிலிருந்து சொற்கள் கொட்ட ஆரம்பித்தன, காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் மெஸ் முழுவதும் கேட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, கண்ணிலிருந்து வடிவதைத் துடைக்காமல் நின்றார்.

"என்ன சொல்லுதாவ?" என்று தவசிமுத்து சிவகுருநாதனின் காதில் கேட்டார்.

"ஏசுறா. நல்லா ஏசுறா. இன்னும் முடியேல்லை."

"ஏசட்டும்," என்று லீதியாள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டாள். "உக்காந்து கேளுங்க சார். இப்படி ஏசுறவ போனை வைக்க மாட்டா."